வீட்டுச் செலவைக் குறைப்பது: ஒரு வாரத்தில் கைவிட்டுவிடாத வழிகள் எவை?

#1 மழைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நாங்கள் நான்கு பேர். வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம் இவற்றில் கை வைக்க முடியாது. மிஞ்சுவதில்தான் மாதத்தை ஓட்ட வேண்டும். வருமானம் அப்படியே நிற்கிறது, மற்ற எல்லாம் ஏறுகிறது. இது எல்லா வீட்டிலும் உள்ள கதைதான்.

"ஆடம்பரத்தைக் குறையுங்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். குறைப்பதற்கு இங்கே ஆடம்பரம் எதுவும் இல்லை. "நூறு சிக்கன வழிகள்" பட்டியல்களையும் நிறையப் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை உற்சாகமாகத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. மின்சாரம், சமையல் வாயு, தண்ணீர், மளிகை, கைப்பேசி, சந்தா என்று அன்றாடச் செலவுகளில் உங்கள் வீட்டில் உண்மையிலேயே குறைந்து, குறைந்த நிலையிலேயே நிற்பது எது? அதைச் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

முதலில் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஒரே ஒரு மாதம் எழுதுங்கள், போதும். முப்பது தலைப்பு போட்டால் மூன்றாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும். உணவு, வீட்டுக் கட்டணங்கள், போக்குவரத்து, கடன், மற்றவை என்று ஐந்து பத்தி மட்டும் போடுங்கள். "மற்றவை" மற்ற நான்கையும் விடப் பெரிதாக வந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது.

வீட்டுக் கணக்கு எழுதுவதையே ஒரு முறையாக்கிய நாடு ஜப்பான். ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904ல் குடும்பங்களுக்கென்று கணக்கு நோட்டு ஒன்றை வெளியிட்டார். 'காகேய்போ' என்ற பெயரில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. வரவை எழுதி, சேமிப்பை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பிரித்துச் செலவழிப்பதுதான் அதன் அடிப்படை. ஆப் எதுவும் தேவையில்லை.

இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தனியாக எழுதுங்கள். காப்பீட்டுத் தொகை, வாகனப் பராமரிப்பு, புத்தாடை, வரி, பள்ளி திறக்கும்போது வாங்குபவை எல்லாம் அதில் வரும். மொத்தத்தை 12ஆல் வகுத்து மாதாமாதம் எடுத்து வைத்துவிட வேண்டும். "திடீர்ச் செலவு" என்று நாம் புலம்புவதில் பாதி போன வருடமும் அதே மாதத்தில் வந்ததுதான்.

#3 சும்மாஇரு

கணக்குப்பிள்ளை அண்ணா கோபிக்க வேண்டாம். எழுதி வைத்தால் செலவு தெரியும், ஆனால் குறையாது. எங்கள் வீட்டில் அழகழகாக எழுதி அடுக்கிய நோட்டுகள் இருக்கின்றன, செலவு மட்டும் தன் வழியில் போனது.

சிக்கனத்தை நான் இரண்டாகப் பிரிப்பேன். முதல் வகையில் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடலாம். ஒழுகும் குழாயை மாற்றுவது, பார்க்காத சந்தாவை ரத்து செய்வது, ஃபிரிட்ஜின் குளிர் அளவைச் சரியாக வைப்பது எல்லாம் இதில் சேரும். இரண்டாவது வகைக்குத் தினமும் மனசைக் கட்டுப்படுத்த வேண்டும். கடையில் ஆசைப்பட்டதை வாங்காமல் திரும்புவது, அறையை விட்டு வரும்போதெல்லாம் விளக்கை அணைப்பது போன்றவை. மழைக்குருவி சொல்லும் வெள்ளிக்கிழமைப் பிரச்சினை முழுக்க இரண்டாவது வகையில்தான் வருகிறது. எனவே முதல் வகையை முழுசாக முடித்த பிறகு இரண்டாவதைத் தொடுங்கள். பலருக்கு அதற்குத் தேவையே வராது.

#4 ஒயர்மேன்

சும்மாஇரு சொன்னது மின்சாரத்துக்கு அப்படியே பொருந்தும். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவது. 100 வாட் கருவி 10 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். இது தெரிந்தால் வீட்டில் நடக்கும் சண்டை பாதி தீர்ந்துவிடும், ஏனென்றால் அந்தச் சண்டை பெரும்பாலும் தப்பான கருவியைப் பற்றியதாக இருக்கும்.

வெப்பம் தருவதும் குளிர்விப்பதும்தான் மின்சாரத்தைத் தின்னும். ஹீட்டர், ஏசி, ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் வாஷிங் மெஷின் எல்லாம் அந்தக் கூட்டம். ஒளி, ஒலி, படம் தருபவை அதிகம் இழுக்காது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை எல்.இ.டி. 8, 9 வாட்டில் தருகிறது. எல்.இ.டி.க்கு மாறிய வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லிக் குழந்தையை விரட்டுவதில் பெரிய லாபம் இல்லை.

குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.16 வாட் மணி வேண்டும். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி ஏற்றினால் 0.35 யூனிட் ஆகும். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 90 லிட்டர், அதே 20 டிகிரிக்கு 2.1 யூனிட். அந்த ஒரு குளியலுக்கான மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. 230 மணி நேரம் எரியும். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இதிலேயே தெரிகிறதல்லவா? தண்ணீரைக் குறைவாகக் கொட்டும் ஷவர் தலை ஒன்றை மாட்டிவிட்டால் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

ஏசியில் 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எண்ணைக் குறைத்தால் கூடுதல் நேரம் ஓடுமே தவிர வேகமாகக் குளிராது. 25, 26ல் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓட விடுங்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அறையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வெயில் படும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மறைப்புப் போடுவது உள்ளே திரை போடுவதை விட நல்லது. சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரையால் அதிகம் செய்ய முடியாது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். ஹீட்டர் அளவை ஒரு டிகிரி இறக்கி, கதவு ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள்.

ஃபிரிட்ஜில் உள்ளே 4 டிகிரி, உறைபெட்டியில் மைனஸ் 18. அதற்குக் கீழே போவது வீண். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, நாள் முழுக்கக் குளிர் கசிகிறது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கச் சூடு வெளியேறக் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

கடைசியாக, அணைத்தும் அணையாதவை. ரிமோட்டில் மட்டும் அணைக்கும் பழைய செட்டாப் பெட்டி 10 வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் அப்படியே கிடந்தால் 87 யூனிட்டுக்கு மேல் ஆகும். படுக்கப் போகுமுன் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அது நகர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஓடுகிறது. மின் பணியாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

#5 ஆறாம்மாடி

ஒயர்மேன் சார், கைப்பேசி சார்ஜர்? எங்கள் அப்பா இதற்காகத் தினமும் வீட்டைச் சுற்றி வருகிறார்.

#6 ஒயர்மேன்

கைப்பேசி பேட்டரியின் கொள்ளளவு 15 வாட் மணி சுற்றி இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, தினமும் முழுசாக ஏற்றினாலும் ஒரு வருடத்துக்கு 7 யூனிட் வராது. அப்பா நடப்பது உடம்புக்கு நல்லது, கட்டணத்துக்கு வித்தியாசம் எதுவும் இல்லை.

#7 நெய்தல்

அடுப்படிப் பக்கம் யாரும் வரவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன்.

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அடுப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது 100 டிகிரியில்தான் நிற்கும். தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாகப் போகுமே தவிர உள்ளே இருப்பது சீக்கிரம் வேகாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். சமையல் வாயுச் செலவில் இதைவிட எளிதான மிச்சம் எனக்குத் தெரியவில்லை. பிரஷர் குக்கரும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் ஏறியதும் வெப்பம் 120 டிகிரிக்கு அருகில் போய்விடும், பிறகு அதை அப்படியே பிடித்து வைக்கச் சின்னத் தீ போதும். ஓயாமல் விசில் அடித்தால் காசு ஆவியாகப் போகிறது என்று அர்த்தம்.

தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே வந்தால் சுவரைத்தான் சூடாக்குகிறோம். சின்னப் பாத்திரத்துக்குச் சின்ன பர்னர் போதும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கும். வாயு முழுசாக எரியாமல் வீணாகிறது, கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால் இதில் காசை விட உயிருக்குத்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

காய்ந்த பயறு வகைகளை இரவே ஊறப்போட்டால் வேகும் நேரம் நன்றாகக் குறையும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை நேராக அடுப்பில் ஏற்றாமல், சமையலுக்குக் கொஞ்சம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

இண்டக்ஷன் மலிவா, வாயு மலிவா என்று எப்படியும் ஒருவர் கேட்பீர்கள். இண்டக்ஷனில் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்துக்குப் போகிறது. வாயு அடுப்பில் கணிசமான பகுதி சுற்றியுள்ள காற்றுக்குப் போகிறது. ஆனால் எது மலிவு என்பது உங்கள் ஊர் மின்கட்டணத்தையும் வாயு விலையையும் பொறுத்தது. உங்கள் கட்டண அட்டையை வைத்துப் போட்டால்தான் விடை வரும்.

#8 அல்லி

அடுப்பில் மிச்சம் பிடிப்பதை விட, வாங்கியதைக் கெடாமல் சாப்பிட்டாலே பெரிய மிச்சம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளில்தான். ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. பணக்கார நாடுகள் மட்டும்தான் வீணாக்குகின்றன என்று நினைக்க வேண்டாம், நடுத்தர வருமான நாடுகளின் அளவும் கிட்டத்தட்ட அதேதான் என்கிறது அந்த அறிக்கை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே ஏற்பாடு. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், கண்ணுக்கு நேரே ஒரு திறந்த பெட்டி. இரண்டு நாளில் கெடப்போகும் எதுவும் அதற்குள் போய்விடும். பாதி வெட்டிய காய், நேற்றைய மீதி, உடைத்த பாக்கெட் எல்லாம் அதில் கிடக்கும். சமைப்பவர் முதலில் அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும், பசிக்கிறது என்பவர்களும் அதில்தான் கை விட வேண்டும். ஃபிரிட்ஜில் கெடுவது பெரும்பாலும் பின்வரிசையில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பதுதான். மூடியுள்ள டப்பாக்கள் எல்லாம் கண்ணாடியாகவோ உள்ளே தெரியும் பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். எவர்சில்வர் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் கழித்து மூக்குதான் சொல்லும்.

அப்புறம் தேதி. "இதற்குள் பயன்படுத்துக" என்று போட்டிருந்தால் அது பாதுகாப்புக்கான தேதி, தாண்டக் கூடாது. "இதற்கு முன் சிறந்தது" என்று இருந்தால் சுவையும் மொறுமொறுப்பும் குறையலாம், அவ்வளவுதான். சீல் உடைக்காத உலர் பொருளை மறுநாளே குப்பையில் போட வேண்டாம்.

மீதி உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆறுவதற்கே பல மணி நேரம் ஆகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

#9 திண்ணைவாசி

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மொத்தமாக வாங்கினால் மலிவு. எங்கள் தாத்தா காலத்தில் ஆண்டுக்கு வேண்டிய தானியத்தை ஒரே தடவை வாங்கிப் போட்டார்கள். இப்போது பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிவிட்டுப் புலம்புகிறோம்.

#10 கணக்குப்பிள்ளை

திண்ணைவாசி ஐயா, எல்லாமே அப்படி இல்லை. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. 100 கிராமுக்கு எவ்வளவு, 100 மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சில நேரம் நடுத்தர அளவுதான் மலிவாக இருக்கும். விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வேலையும் நடக்கிறது. உறை அதே, படம் அதே, உள்ளே மட்டும் 100 கிராம் 90 ஆகியிருக்கும். அதாவது விலை 11 விழுக்காடு ஏறியிருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. பொட்டலத்தில் நான் முதலில் பார்ப்பது எடையைத்தான்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் மூன்றையும் கெடுவதற்குள் தீர்ப்பவருக்குத்தான் இலவசம்.

#11 சும்மாஇரு

மொத்தமாக வாங்குவதில் இன்னொரு பிரச்சினை, கையிருப்பு அதிகம் இருந்தால் கை தாராளமாகிவிடும். சோப்புத் தூள் பை நிறைய இருக்கும்போது எவ்வளவு கொட்டுகிறோம், அடியில் கொஞ்சம் இருக்கும்போது எவ்வளவு கொட்டுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். தூள் அதிகமானால் துணி கூடுதலாக வெளுத்துவிடாது. நுரை போகக் கூடுதலாக ஒருமுறை அலச வேண்டும், தண்ணீரும் சேர்ந்து போகும். அளவுக் கரண்டி ஒன்றை அந்தப் பைக்குள்ளேயே போட்டுவிட்டால் முடிந்தது. ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டுக்கும் சின்ன வாய் உள்ள பாட்டில் போதும்.

மின்சாரத்திலும் இதேதான். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865லேயே நிலக்கரியை வைத்து இதைக் காட்டினார். இயந்திரங்கள் சிக்கனமானதால் நிலக்கரியின் மொத்தத் தேவை குறையவில்லை, கூடியது. எல்.இ.டி. போட்ட தைரியத்தில் பத்து விளக்கு கூடுதலாக மாட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

#12 திண்ணைவாசி

சரி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடாத பொருளை, அதுவும் வழக்கமாகச் செலவாவதை மொத்தமாக வாங்குவதில் தப்பில்லை. அதை விட மாட்டேன்.

#13 பூவரசு

இதுவரை வந்த பதிவுகளைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இதையெல்லாம் வீட்டில் யார் செய்வது?

ஊறப்போடுவது, பெட்டியைப் பார்ப்பது, எடை வகுப்பது, கடைக்குக் கடை விலை ஒப்பிடுவது, பழைய துணியைத் தைப்பது என்று எல்லாம் கடைசியில் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குச் செலவு குறைந்தது என்று மற்றவர்கள் மகிழ்வார்கள், அவருக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேர வேலை கூடியிருக்கும். அந்த நேரத்துக்கு ஏன் யாரும் விலை போடுவதில்லை? பேருந்தில் போய், வரிசையில் நின்று, சுமந்துகொண்டு வருவது சிக்கனக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறது, கணக்குப்பிள்ளை அண்ணா?

நான் சிக்கனத்துக்கு எதிரி இல்லை. ஒரு வழியைச் சொல்லும்போது அதைச் செய்ய எவ்வளவு நேரம், யாருடைய நேரம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியல் பாதியாகிவிடும். மிஞ்சும் பாதிதான் உருப்படியானது.

#14 கணக்குப்பிள்ளை

எந்தப் பத்தியிலும் வருவதில்லை, வந்திருக்க வேண்டும். நேரத்துக்கும் ஒரு பத்தி போடுகிறேன். சும்மாஇரு சொன்ன ஒருமுறை வேலைகளை ஆளுக்கொன்றாகப் பிரிக்க முடியும். குழாய் ஒருவர், சந்தா ஒருவர், ஃபிரிட்ஜ் ரப்பர் ஒருவர் என்று.

#15 நெய்தல்

பூவரசு அக்காவுக்கு ஒரு கைத்தட்டல். எங்கள் வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன என்று முடிவு செய்யும் வேலையைத்தான் முதலில் பிரித்தோம். வாரத்தில் சில நாள் அது பிள்ளைகள் பொறுப்பு. அவர்களே பெட்டியைப் பார்த்து, இருப்பதை வைத்து முடிவு சொல்ல வேண்டும். விசித்திரமான சேர்க்கைகள் எல்லாம் வருகின்றன, ஆனால் "இன்றைக்கும் இதுவா" என்ற குரல் நின்றுவிட்டது.

#16 ஆறாம்மாடி

தண்ணீரை யாரும் தொடவில்லை. கட்டணம் கட்டுபவர்களும் லாரியில் வாங்குபவர்களும் கவனியுங்கள்.

கழிப்பறைத் தொட்டியில் சத்தமே இல்லாமல் கசிவு இருக்கும். தொட்டிக்குள் கொஞ்சம் உணவு வண்ணத்தைக் கரைத்துவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றச் செலவு மிகக் குறைவு, பெரும்பாலும் நாமே மாற்றிவிடலாம்.

சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளரை வைத்து அது நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 29 லிட்டர், வருடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். வாஷர் மாற்றினால் தீரும் விஷயம். குழாய் நுனியில் காற்றுக் கலப்பான் மாட்டினால் கைகழுவும் தண்ணீர் குறையும், கை அதே மாதிரி சுத்தமாகும்.

தண்ணீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றும் வீட்டில் ஒவ்வொரு லிட்டர் கசிவுக்கும் மின்சாரமும் சேர்ந்து போகிறது.

#17 அல்லி

சந்தாக்கள் பற்றி நான் எழுதுகிறேன். வங்கிக் கணக்கறிக்கையை மூன்று மாதத்துக்கு எடுத்தால் போதாது, பன்னிரண்டு மாதத்துக்கு எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சத்தமில்லாமல் பிடிக்கும் ஆசாமிகள் மூன்று மாத அறிக்கையில் சிக்க மாட்டார்கள். இலவச மாதம் என்று கார்டு எண் வாங்கிய எதையும், சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடலாம். பெரும்பாலானவற்றில் அந்த மாதம் முடியும்வரை பார்க்க முடியும்.

கைப்பேசித் திட்டத்தில் நீங்கள் உண்மையில் எவ்வளவு டேட்டா பயன்படுத்துகிறீர்கள் என்று கைப்பேசி அமைப்பிலேயே பாருங்கள். வீட்டில் வைஃபை இருப்பவர்கள் நிறையப் பேர் பயன்படுத்தாத ஜிபிக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒரு சேவையில் எங்களுக்கு ரத்து செய்யும் பொத்தானைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. அத்தனை திரையைத் தாண்டிக் கடைசியில் "நிச்சயமாகவா?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

#18 கணக்குப்பிள்ளை

சந்தாவை விடப் பெரிய ஓட்டை கிரெடிட் கார்டு. "குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டலாம்" என்ற வரியைத்தான் சொல்கிறேன். மாதம் 3 விழுக்காடு வட்டி சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42.6 விழுக்காடு. இரண்டு வருடத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். மேலே பேசிய மின்சாரம், வாயு, தண்ணீர் எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தாலும் இந்த ஒரு வரி அதைத் தின்றுவிடும்.

பல கார்டுகளில் பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். பாக்கி உள்ளவர்கள் அந்தக் கார்டை அலமாரியில் பூட்டிவிட்டு, கையில் உள்ளதை முதலில் அங்கே கட்டுங்கள். ஒரு பக்கம் குறைந்த வட்டிச் சேமிப்பு, இன்னொரு பக்கம் இந்தக் கடன் என்று இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது நஷ்டம். அவசரத்துக்கு ஒரு மாதச் செலவை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

#19 நெறியாளர்

கடன், முதலீடு பற்றிய கேள்விகள் தனி இழைக்குப் போகட்டும். இங்கே வீட்டுச் செலவு மட்டும்.

#20 பூவரசு

எதைக் குறைக்கக் கூடாது என்றும் யாராவது சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதிய மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடுவது, வாகன பிரேக்கைத் தள்ளிப்போடுவது, விலை குறைவு என்று தரமில்லாத ஒயரும் பிளக்கும் வாங்குவது, பல்வலியை மாதக்கணக்கில் பொறுப்பது எல்லாம் சிக்கனத்தில் சேராது. சின்னச் செலவைத் தவிர்த்துப் பெரிய செலவை வரவழைப்பதுதான் நடக்கும். அடுப்பு ரப்பர் குழாயும் இந்தப் பட்டியலில் உண்டு, கெடு தேதிக்கு முன் மாற்றிவிடுங்கள்.

டயரில் காற்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். காற்று குறைந்தால் எரிபொருள் கூடுதலாகப் போகும், டயரும் சீக்கிரம் தேயும்.

#21 சும்மாஇரு

தினசரிக் கட்டுப்பாட்டிலும் ஒன்றை ஒருமுறை வேலையாக மாற்றலாம். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கார்டை எடுத்து 16 எண் அடிக்க வேண்டும் என்றால் பாதி ஆசை அங்கேயே போய்விடும். தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். தள்ளுபடி முடியப்போகிறது என்ற செய்தியைப் பார்க்காதவருக்கு எதையும் தவறவிட்ட உணர்வே வராது.

#22 மழைக்குருவி

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. ஒருமுறை வேலைகளை மட்டும் தனியே எடுத்து, பூவரசு அக்கா சொன்னபடி ஆளுக்கு இரண்டாகப் பிரித்தாயிற்று. குழாய் வாஷர் என் கணவருக்கு, சந்தா பெரிய மகளுக்கு. ஒரே ஒரு கேள்வி பாக்கி. எங்கள் ஃபிரிட்ஜ் ரொம்பப் பழசு. ஒயர்மேன் அண்ணா, ரப்பரை மாற்றி ஓட்டுவதா, புதிது வாங்குவதா? கடையில் கேட்டால் புதிது என்றுதானே சொல்வார்கள்.

#23 ஒயர்மேன்

அளக்காமல் வாங்காதீர்கள். பிளக்கில் செருகி யூனிட் அளக்கும் சின்ன மீட்டர் கிடைக்கும், யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். ஃபிரிட்ஜை அதில் மாட்டி இரண்டு முழு நாள் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். வருவதை இரண்டால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு நாளொன்றுக்கு 2 யூனிட் என்றால் ஆண்டுக்கு 730. வாங்க நினைக்கும் புதிய ஃபிரிட்ஜின் லேபிளில் ஆண்டு யூனிட் போட்டிருக்கும், 250 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 480 யூனிட். யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும் கட்டணம் என்றால், உங்கள் பயன்பாடு எட்டும் கடைசிப் படிக்குக் கட்டண அட்டையில் என்ன விலையோ அதால் பெருக்குங்கள். குறைவது அந்தக் கடைசிப் படியில் உள்ள யூனிட்கள்தான், சராசரி விலையைப் போடக் கூடாது. புதிதின் விலையை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை வருடத்தில் போட்டது திரும்பும் என்று வரும்.

நான்கு, ஐந்து வருடம் என்றால் வாங்கலாம். பத்துக்கு மேல் என்றால் ரப்பரை மாற்றிவிட்டு இதையே ஓட்டுங்கள். இடையில் வந்தால், கம்ப்ரசர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். லேபிள் எண் சோதனைக்கூடத்தில் எடுத்தது, வெயில் அதிகமான சமையலறையில் அதைவிடக் கொஞ்சம் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வாங்கினால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பழையதைத் தண்ணீர் பாட்டில் வைக்கலாம் என்று இன்னொரு அறையில் ஓட விட்டால் 730ஓடு 250ஐக் கூட்டிக் கட்ட வேண்டியிருக்கும்.

#24 மழைக்குருவி

கீழ்வீட்டில் அந்த மீட்டர் இருக்கிறதாம், சனிக்கிழமை தருகிறார்கள். எண் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.